கிக்கரில் கால் வைப்பதற்கு முன்: 14 வருடம் நின்ற புல்லட்டை ஓட வைக்க முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த என் தாய்மாமா 1986-ல் ஒரு புல்லட் 350 வாங்கினார். கண் பார்வை மங்கிய பிறகு வண்டியை நிறுத்திவிட்டார். காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், சாக்குப் போர்த்தி, 14 வருடம் அப்படியே நின்றது. சேலத்துக்குக் கொண்டுபோய் ஓட வைக்கிறேன் என்று நான் சொன்ன அன்று, கொட்டகையில் நின்றிருந்த எல்லோரும் ஒரே குரலில் கேட்டது: "ஒரு கிக் அடிச்சுப் பாரேன், ஸ்டார்ட் ஆனாலும் ஆகும்."

அதைத்தான் செய்யக் கூடாது. நான் இதற்கு முன்பு ஒரு நண்பரின் வண்டியில் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். துருப்பிடித்து ஒட்டியிருந்த வால்வு ஒரே உதையில், அதைத் திறக்கும் கம்பியான புஷ் ராடை வளைத்துவிட்டது. சும்மா நிற்பதால் எஞ்சினுக்கு வரும் கேடு பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது. எண்ணெய் போய்ச் சேராத பேரிங்கை முதல் ஐந்து நிமிடம் சுழற்றுவதால் வரும் கேடுதான் பெரிய செலவு. கீழே சொல்லும் வரிசைக்கு அதுதான் காரணம்: முதலில் அசைவு, பிறகு எண்ணெய், பிறகு பெட்ரோல், பிறகு தீப்பொறி, கடைசியில்தான் கிக். நான் சொல்வது பழைய வார்ப்பிரும்பு போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) கொண்ட 346 சிசி புல்லட்டை வைத்து. மற்ற நான்கு ஸ்ட்ரோக் பழைய வண்டிகளுக்கும் வரிசை இதேதான். ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் மட்டும் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

கொட்டகையிலிருந்து இறக்குவது

வண்டியைத் தொடும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது, கேபிள் எந்தப் பக்கம் வளைகிறது, பேட்டரியின் எந்த முனை சேஸிஸில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் பின்னால் கைகொடுக்கும். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். புது பேட்டரியை வழக்கப்படி மாட்டினால் தலைகீழாகிவிடும். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் அப்போதே பாருங்கள்.

மலைக் கொட்டகை என்றால் எலியைத் தேடுங்கள். எங்கள் வண்டியில் சீட்டுக்குள் கூடு கட்டி, ஹெட்லைட் கிண்ணத்துக்குள் வந்த ஒயர்களின் தோலைக் கடித்திருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் சைலன்சர் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவிக்கூடு ஒன்று போதும், ஒரு வாரம் காரணம் தேடி அலைய.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை அங்கேயே வடித்துவிடுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குட்டி யானையில் ஏற்றி வந்தோம். முன் ஃபோர்க் பாதி அமுங்கும்படி இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். ஸ்டாண்டை மட்டும் நம்பினால் மூன்றாவது வளைவிலேயே சாய்ந்துவிடும்.

இன்னொன்று, ஸ்பேனர். பழைய புல்லட்டில் பல நட்டுகள் அங்குல அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் முனை மழுங்கிவிடும். அதற்கப்புறம் உளிதான். துரு இறுகிய நட்டுக்கெல்லாம் துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து ஊறவிடுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறதா

ஸ்பார்க் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். துளை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து, 30 மில்லி அளவு ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நான்காவது கியரில் தள்ளி, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கிக்கரில் ஏறிக் குதிப்பதைவிட இது பல மடங்கு பாதுகாப்பானது. சக்கரம் வழியாகக் கொடுக்கும் அசைவு பிஸ்டனுக்கு மென்மையாகப் போகிறது, எங்கே பிடிக்கிறது என்பதும் கைக்குத் தெரிகிறது. அசையவில்லையா? இன்னும் ஊற்றுங்கள், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஒரு வாரமாகியும் அசையாவிட்டால் ஹெட்டையும் (எஞ்சினின் மேல்மூடி) போரையும் கழற்றத்தான் வேண்டும். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பிஸ்டன் ரிங் உடைந்து போரைக் கீறும்.

எங்களுடையது மூன்றாம் நாள் காலை ஒரு சின்ன "டிக்" சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

இங்கே நிறுத்தி, போருக்குப் பக்கத்தில் உள்ள டேப்பெட் மூடியைத் திறங்கள். இரண்டு புஷ் ராடுகள் தெரியும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது இரண்டும் மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். ஏறிய ராடு இறங்கும்போது அதோடு மேலே வால்வும் மூடியாக வேண்டும். ராடு கீழே தளர்ந்து நிற்க, வால்வு மட்டும் திறந்தே நின்றால் அது கைடில் (வால்வுத் தண்டு ஓடும் குழாயில்) ஒட்டியிருக்கிறது. ஹெட்டின் மேலுள்ள ராக்கர் பெட்டியைத் திறந்து வால்வுத் தண்டில் துரு இளக்கி அடித்து, மெதுவாகத் தட்டித் தட்டி விடுவிக்க வேண்டும். நண்பரின் வண்டியில் நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

எண்ணெய்: இங்கே அவசரப்படாதீர்கள்

புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாகத் தொங்குவதில்லை. கிராங்க் கேஸ் என்னும் எஞ்சின் அடிப்பெட்டியின் வார்ப்புக்குள்ளேயே, ஃப்ளைவீல் (கனத்த சக்கரம்) சுழலும் அறைக்குப் பின்னால் ஓர் அறையாக இருக்கிறது. ஓடும்போது ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை எடுத்துப் பிஸ்டன் தண்டின் அடியில் உள்ள பிக் எண்ட் பேரிங்குக்குத் தள்ளும், இன்னொன்று கீழே சேர்ந்ததைத் திரும்ப ஏற்றும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் பம்ப் இடைவெளி வழியாக எண்ணெய் கசிந்து தொட்டியிலிருந்து ஃப்ளைவீல் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது டிப் ஸ்டிக்கைப் பார்ப்பவர் "எண்ணெயே இல்லை" என்று இன்னும் இரண்டு லிட்டர் ஊற்றுவார். ஸ்டார்ட் ஆனதும் ஃப்ளைவீல் அந்தக் குளத்தில் அடித்து, சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையும் எஞ்சினுக்குள் சேரும் காற்றை விடும் பிரீதர் குழாய் வழியாக எண்ணெயுமாகக் கொட்டும். பலர் இதைப் பார்த்து "ரிங் போச்சு" என்று போர் அடிக்க (சிலிண்டரைக் கடைய) கொடுத்திருக்கிறார்கள். ரிங் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே ஊற்றும் முன் வடியுங்கள். எஞ்சின் அடியில் இருக்கும் வடி போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, இரவு முழுக்க ஒரு அகலமான தட்டில் வடிய விடுங்கள். அலுமினியத்தில் வெட்டிய மரை என்பதால் திருகும்போது கை கனம் காட்டாதீர்கள். எங்கள் வண்டியில் முதலில் வந்தது எண்ணெய் அல்ல, தண்ணீர், அரை டம்ளர் அளவு. மலைப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி அடிக்கும் தகரக் கொட்டகையில் எஞ்சினுக்குள் காற்று வியர்த்து, அந்த ஈரம் அடியில் தங்கிவிடுகிறது. அதன் பின்னால் கெட்டித் தயிர் போல் கறுத்த சகதி. வடிந்ததை விரலில் எடுத்து வெளிச்சத்தில் தேயுங்கள். மாவு போன்ற சாம்பல் நிறம் இயல்பு. வெள்ளியாக மின்னும் செதில் வந்தால் கீழே பேரிங் தேய்ந்திருக்கிறது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்.

டைமிங் மூடியில் உள்ள எண்ணெய் ஃபில்டரை மாற்றுங்கள். பழையது ஊறிப் பிய்ந்து வரும். அதன் மூடியில் இருக்கும் கேஸ்கெட்டின் துளை, உள்ளே எண்ணெய் போகும் துளைக்கு நேராக உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் பாதை அடைபட்டு எஞ்சின் வறண்டு ஓடும். மூடும் முன் அந்த அறையை எண்ணெயால் நிரப்பிவிடுங்கள், பம்ப் காற்றை இழுக்காது.

வடி போல்ட் செப்பு வாஷர்களைத் தூக்கி எறிய வேண்டாம். அடுப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகி, புதுசு போல அடைக்கும். பிறகு 20டபிள்யூ50 எண்ணெய் இரண்டேகால் லிட்டர் அளவில் ஊற்றுங்கள். டேப்பெட் மூடிக்குள்ளும் ராக்கரிலும் எண்ணெய்க் கேனால் தாராளமாக விடுங்கள்.

இப்போதுதான் கிக்கரைத் தொடுகிறோம், அதுவும் பிளக் இல்லாமல், சுவிட்ச் அணைத்தபடி. துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், உள்ளே ஊற்றிய டீசல் பீய்ச்சும். மெதுவாக 50, 60 முறை அமுக்குங்கள். ஹெட்டுக்குப் போகும் மெல்லிய எண்ணெய்க் குழாயின் மேல் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி வையுங்கள். அங்கே எண்ணெய் கசியத் தொடங்கும்வரை அமுக்க வேண்டும். இந்தப் பம்ப் மெதுவாகத்தான் ஓடும், கால் வலிக்கும். எனக்கு இரண்டு தவணையாக ஒரு மணி நேரம் ஆனது. எண்ணெய் கசிந்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள். இந்த ஒரு மணி நேரத்தை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன்.

எஞ்சினையும் கிளட்ச்சையும் இணைக்கும் பிரைமரி செயின் பெட்டி எண்ணெயையும் மாற்றுங்கள். கியர் பாக்ஸில் மூடியைத் திறந்து அளவு மட்டும் பாருங்கள், சத்தம் வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டேங்கும் கார்புரேட்டரும்

மாமாவின் டேங்கில் இருபுறமும் தங்கக் கோடு ஓடும். திருவொற்றியூர் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையால் இழுத்த கோடு அது. அதனால் டேங்கைப் பெயிண்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. உள்ளே மட்டும் சுத்தம் செய்தேன்.

டேங்கைக் கழற்றி, பெட்ரோல் குழாயை எடுத்து, ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடைக்கவும். ஒரு கைப்பிடி அளவு நட்டுகளை உள்ளே போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் உதிர்கிற துரு உதிரும். நட்டுகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். பிறகு லிட்டருக்கு 100 கிராம் வீதம் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து வாய்வரை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து ஒரு நாள் விடுங்கள். வெளியே வழிந்தால் உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயிண்ட் மங்கும். மறுநாள் கொட்டிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த நீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசவும். எங்கள் பகுதி போர்வெல் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். அதனால் மேட்டூர் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொண்டேன். அலசியதும் பிளோயரால் உடனே உலர்த்தி, கொஞ்சம் எஞ்சின் ஆயிலை உள்ளே விட்டு உருட்டிவிடுங்கள். ஈரமாக ஒரு மணி நேரம் விட்டாலே மறுபடி துரு பூக்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊதவைக்கும். 1986-ல் இப்படியொரு பெட்ரோலை நினைத்து யாரும் இந்த வண்டியைச் செய்யவில்லை. பெட்ரோல் டியூப், குழாய் வாஷர், கார்புரேட்டர் ரப்பர்கள் எல்லாவற்றையும் இப்போதைய பெட்ரோலைத் தாங்கும் புது உருப்படியாக மாற்றுங்கள். ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கிலும் கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையிலும் பெட்ரோலை வைக்காதீர்கள்.

கார்புரேட்டரைப் பிரித்தால் பழைய பெட்ரோல் பச்சை வார்னிஷாகப் படிந்திருக்கும். கிளீனரில் ஊறவைத்துக் காற்று அடிக்கவும். பெட்ரோல் போகும் ஜெட் துளையில் ஊசியோ இரும்புக் கம்பியோ விடவே கூடாது, துளை பெரிதானால் அளவு கெட்டது கெட்டதுதான். ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழை ஒன்று போதும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வட்டமான புள்ளி ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். வண்டி சோக்கில் மட்டும் ஓடி, சோக் எடுத்ததும் அணைந்தால் பெரும்பாலும் இந்தத் துளைதான் காரணம். காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்குரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து வையுங்கள், இறுதி அளவு ஓடிய பிறகு.

பொறி

பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) முனைகள் பாசி பிடித்தது போல் மங்கியிருக்கும். நைசான உப்புத்தாளை மடித்து இரண்டு முறை இழுத்து, பெட்ரோல் நனைத்த வெள்ளைத் தாளை இடையில் விட்டு, கறை வராத வரை துடையுங்கள். முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, வெளியே எஞ்சின் மேல் படும்படி வைத்து உதைத்தால் நீலப் பொறி சொடுக்க வேண்டும். பாயிண்டுகளுக்கு இடையிலேயே பெரிய வெள்ளைப் பொறி அடித்தால் கண்டென்சர் போயிருக்கிறது. டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, தொடாதீர்கள். நிற்கும் முன் நன்றாக ஓடிய வண்டியில் டைமிங் தானாக மாறாது. மாற்றப் போய்த்தான் மாறும்.

எலி கடித்த ஒயரை டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். ஒயரிங் செட் முழுதாக மாற்றி, ஒரு ஃப்யூஸும் போட்டுவிடுங்கள்.

கிளட்ச், பிரேக், டயர்

கிளட்ச் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அமுக்கினால், எஞ்சின் சுற்றாமல் கிக்கர் மட்டும் லேசாக இறங்க வேண்டும். எஞ்சினும் சேர்ந்து சுற்றினால் பிளேட்டுகள் ஒட்டியிருக்கின்றன. லீவரை இழுத்துக் கயிற்றால் ஹேண்டில்பாரோடு கட்டி இரவு முழுக்க விட்டால் சில வண்டிகளில் பிரியும். எங்களுடையது பிரியவில்லை, பெட்டியைத் திறந்து பிளேட்டுகளைத் தனித்தனியாக எடுத்துத் துடைத்தோம்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். வருடக்கணக்கில் நின்ற லைனர் கனமாக இருந்தாலும் ஷூவை விட்டுப் பிரிந்து வரலாம். புதிதாக ஒட்டுவது மலிவு. டயரை அதன் மேலுள்ள பூ தேயாமல் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருந்தால் அது டயர் தயாரான காலம்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். அப்படி எண்ணே இல்லாத டயர் 2000-க்கு முன்னதாக இருக்கலாம். டியூபோடு சேர்த்து மாற்றுங்கள்.

முதல் கிக்

வெளியே, திறந்த இடத்தில். பக்கத்தில் ஒரு வாளி மணல். டேங்கை மாட்டாமல், சின்னப் பாட்டிலில் கால் லிட்டர் பெட்ரோலைத் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது, எங்கே கசிந்தாலும் உடனே தெரியும்.

சுவிட்சைப் போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கினால் ஓரிடத்தில் கடினமாக நிற்கும். சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லீவரை இழுத்தபடி, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கொஞ்சம் இறக்குங்கள். பாயிண்ட் திறந்தது என்று அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீளமான உதை. வேகம் தேவையில்லை, முழு நீளம் தேவை.

எங்கள் வண்டி ஏழாவது உதையில் ஒருமுறை தும்மி, ஒன்பதாவதில் பிடித்தது. புகை இரண்டு நிமிடம் வரும், பயப்படாதீர்கள். ஆனால் உடனே அந்த ராக்கர் குழாய் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் எண்ணெய் துடித்துத் துடித்து வராவிட்டால் எஞ்சினை அணைக்க வேண்டும். அடியிலிருந்து "தொம் தொம்" என்று கனத்த இடி கேட்டாலும் அணைத்துவிடுங்கள். பத்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

சாலைக்கு வரும் முன் காகிதம். பதிவு 15 வருடத்தோடு முடிந்திருக்கும். புதுப்பிக்கப் படிவம் 25, உரிமையாளர் காலமாகியிருந்தால் பெயர் மாற்றப் படிவம் 31. 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் தனியாக விண்டேஜ் பதிவு உண்டு. ஆனால் அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது.

சமதளம், பிறகு மலை

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இப்போதைய வண்டி ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். அயோத்தியாப்பட்டணம் பக்கம் விடியற்காலையில் ஆளில்லாத சாலையில் ஒரு வாரம் பழகினேன். 100 கி.மீ. ஆனதும் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள். உள்ளே ஒட்டியிருந்த சகதியைப் புது எண்ணெய் கழுவி எடுத்திருக்கும்.

அதற்கப்புறம்தான் ஏற்காடு. அடிவாரத்தில் நிறுத்திப் பிரேக் கேபிள், செயின் தளர்ச்சி பார்த்துவிட்டு ஏறுங்கள். இரண்டாவது கியரில் நிதானமாக ஏறும் வண்டி அது, விரட்டாதீர்கள். பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி ஆறவிடலாம். மேலே போனதும் ஐட்லிங் கொஞ்சம் தடுமாறும், பிளக் கறுக்கும். அது கோளாறு இல்லை. சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைகிறது, அதே ஜெட் பெட்ரோலை அதிகமாகக் கொடுப்பது போல் ஆகிவிடுகிறது. ஏர் ஸ்குரூவை மேலே வைத்துத் திருகிவிட்டுக் கீழே வந்து குழம்ப வேண்டாம். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். டிரம் பிரேக்கை மட்டும் பிடித்து 20 வளைவும் இறங்கினால் லைனர் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

மாமா வீட்டு வாசலில் நிறுத்தி, அணைக்காமல் ஐட்லிங்கில் விட்டேன். சுவரைத் தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். டேங்க் மேல் கையை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரு டேப்பெட் தட்டுது மாப்பிள்ளை. கொஞ்சம் லூசா இருக்கு. சூட்டுல தொடாத, காலைல பாரு."

மறுநாள் காலை எஞ்சின் சில்லென்று இருக்கும்போது திறந்தேன். பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் ஏறுவது தெரிய துளையில் ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயை விட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கும் சுற்றில் பிஸ்டன் உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பினேன். இந்த எஞ்சினுக்கு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தேவையில்லை. புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் மட்டும் ஆடக் கூடாது. இன்டேக் சரியாக இருந்தது. எக்ஸாஸ்ட் ராடு மேலும் கீழும் லேசாக ஆடியது. லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி இறுக்கி, உருட்டிப் பார்த்தேன். இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம், அதனால் இறுக்கிய பிறகு ஒருமுறை உருட்டிப் பார்ப்பது கட்டாயம். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். மாமா திண்ணையிலிருந்தே தலையாட்டினார்.